சிறு படகும் பெரிய பெட்டியும்

விடுமுறை என்றதும் நம் உள்ளத்தில் முதலில் எழுவது வசதியைப் பற்றிய எண்ணமே. வீட்டில் கிட்டாத சுகத்தை வெளியூரில் தேடிச் செல்கிறோம். அது கிட்டாதபோது செலவிட்ட பணத்தை எண்ணி வருந்துகிறோம். திரும்பி வரும்போது களைப்பு மிஞ்சுகிறதே தவிர, நாம் எவ்வகையிலும் மாறி வருவதில்லை. போனவரே திரும்புகிறார்.

போனவர் வேறு, திரும்பியவர் வேறு என்று சொல்லத்தக்க ஒரு விடுமுறையைப் பற்றிய புதினம் ஆங்கிலத்தில் உண்டு. 1903ஆம் ஆண்டு வெளிவந்த அந்நூலின் பெயர் 'தி ரிடில் ஆஃப் தி ஸான்ட்ஸ்'. 'மணல்திட்டுகளின் புதிர்' என்று தமிழில் சொல்லலாம். எழுதியவர் எர்ஸ்கின் சில்டர்ஸ். ஒற்றர் கதைகளுக்கு முன்னோடி என்று இலக்கிய வரலாறு இதனைக் குறித்து வைத்திருக்கிறது. நூற்றிருபது ஆண்டுகள் கடந்த பின்னும் மறுபதிப்பாகி வருகிறது. ஆயினும் இதனை ஒற்றர் கதையாக மட்டும் படிப்போர் இதன் நல்ல பாதியைத் தவறவிடுகின்றனர் என்பது என் கருத்து. குளிர் இறங்கும் பருவத்தில், நிமிர்ந்து நிற்கவும் இடமில்லாத ஒரு சிறு பாய்ப்படகில் இரண்டு நண்பர்கள் கழித்த விடுமுறையின் கதை இது. அந்த விடுமுறை அவர்களுக்குக் கற்பித்தது என்ன, நூல் அந்தப் பாடத்தை இறுதிவரை காத்ததா என்ற இரண்டு வினாக்களே இக்கட்டுரையின் பொருள்.

நூலாசிரியரைப் பற்றி ஒரு சொல். சில்டர்ஸ் 1870இல் இலண்டனில் பிறந்தவர். தந்தை ராபர்ட் சீசர் சில்டர்ஸ், இலங்கையில் அரசுப் பணியாற்றியபோது பாலி மொழியில் ஈடுபாடு கொண்டு, பின்னர் பாலி-ஆங்கில அகராதியைத் தொகுத்த அறிஞர். பெற்றோரைக் காசநோய்க்குப் பறிகொடுத்த பிள்ளைகள் அயர்லாந்தில் உறவினர் வீட்டில் வளர்ந்தனர். எர்ஸ்கின் படித்து முடித்து ஆங்கிலப் பாராளுமன்றத்தின் மக்களவையில் எழுத்தர் பணியில் அமர்ந்தார். அமைதியான மனிதர். வார இறுதியும் விடுமுறையும் கிடைத்தால் தம் சிறு படகை நோக்கிச் செல்வார். 1897ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில், படகோட்டிகள் பலரும் பாய்களைச் சுருட்டி வைத்துவிட்ட பருவத்தில், 'விக்ஸன்' என்னும் தம் பழம்படகில் வடகடலின் ஜெர்மானியக் கரையோரமாகவும் பால்டிக் கடலிலும் பயணம் செய்தார். அந்தப் பயணமே இப்புதினத்தின் விதை. கதையில் வரும் படகுக்குத் தம் தங்கையின் பெயரையே, 'டல்சிபெல்லா' என்று, சூட்டினார்.

பெட்டி நுழையாத வாசல்

கதையைச் சொல்பவன் கரதர்ஸ் என்னும் இளைஞன். இலண்டனில் வெளியுறவு அலுவலகத்தில் பணி. செப்டம்பர் மாதம், நண்பர்கள் எல்லாரும் மாளிகைகளிலும் வேட்டைக் காடுகளிலும் விருந்துண்டு மகிழ, இவன் மட்டும் வெறிச்சோடிய நகரத்தில் அலுவலகமே கதியென்று கிடக்கிறான். தன்னை ஒரு தியாகியாக எண்ணிக்கொண்டு, அந்தத் துயரத்தை உள்ளூரச் சுவைக்கவும் செய்கிறான். அவனுக்குள்ள ஒரே குறை, அந்தத் தியாகத்தைக் கண்டு இரங்க ஆளில்லை என்பதுதான். இந்த நுண்மையான நகைச்சுவையில்தான் நூல் தொடங்குகிறது. நம்மில் எத்தனை பேர் பார்ப்பார் இல்லாதபோதும் தியாகம் செய்வோம் என்ற கேள்வி, நாம் சிரித்து முடிக்கும் முன்பே நம்மைத் தைத்துவிடுகிறது.

அப்போது கல்லூரித் தோழன் டேவிஸிடமிருந்து ஒரு கடிதம் வருகிறது. பால்டிக் கடலோரத்து ஃபிளென்ஸ்பர்க் துறையில் படகுடன் இருக்கிறேன், வாத்து வேட்டையாடலாம், வா என்று அழைப்பு. வரும்போது ஓர் அடுப்பும், திசைகாட்டியும், மழைக்கான எண்ணெய்ச்சீலை உடைகளும், இன்னும் சில சிறு பொருள்களும் வாங்கி வரும்படி வேண்டுகோள். கரதர்ஸ் மனத்தில் ஒரு காட்சி விரிகிறது: வெள்ளைப் பாய்கள், பளபளக்கும் பித்தளை, சீருடைப் பணியாளர்கள், மேல்தளத்தில் சாய்வு நாற்காலி. அதற்கேற்ற உடைகளைப் பெரிய தோற்பெட்டியில் அடுக்கிக்கொண்டு புறப்படுகிறான்.

குளிர் மிகுந்த இரவில் அவன் கண்டதென்ன? பழைய உயிர்காப்புப் படகு ஒன்றைத் திருத்தி, மேலே தளம் போட்டு, பாய்மரம் நட்டு வைத்திருக்கிறான் டேவிஸ். ஏறத்தாழ முப்பது அடி நீளம். பணியாள் ஒருவருமில்லை. உள்ளறையின் நடுவே படகின் நடுப்பலகைக்கான மரக்கூடு சுவர்போல நிற்கிறது. எங்கும் மண்ணெண்ணெய் வாடை. தலையைத் தூக்கினால் உத்தரம் இடிக்கிறது. இவற்றையெல்லாம் விடப் பெரிய சிக்கல் ஒன்று முதலில் வந்து நிற்கிறது. அவன் கொண்டுவந்த பெட்டி படகின் வாசலில் நுழையவில்லை. கரையிலேயே பெட்டியைத் திறந்து, பொருள்களை ஒவ்வொன்றாகக் கைமாற்றித்தான் உள்ளே சேர்க்க வேண்டியிருக்கிறது.

ஆசிரியர் இந்தக் காட்சிக்கு எந்த விளக்கமும் தரவில்லை. அதுதான் அவருடைய சிறப்பு. இடுக்கமான வாசலைப் பற்றியும் பெருஞ்சுமையோடு வருபவரைப் பற்றியும் நாம் சிறுவயது முதல் கேட்டு வந்திருக்கிறோம். விளக்கம் நமக்கும் தேவையில்லை. அந்த இரவின் இருளில், முன்பின் அறியாத துறைமுகக் கரையில், தன் மெல்லிய சட்டைகளும் காலணிகளும் ஈரக்கைகளில் அள்ளப்படுவதைப் பார்த்து நிற்கும் அவன்மேல் நமக்குச் சிரிப்பும் வருகிறது, இரக்கமும் பிறக்கிறது.

அடுத்த சில இயல்கள் இப்புதினத்தின் உயிர்நாடி. கரதர்ஸ் ஒரே நாளில் மாறிவிடவில்லை. முதல் இரவில் பலகை இடுக்கு வழியே நீர் சொட்டுகிறது. அவன் பற்களைக் கடித்துக்கொண்டு பொறுமை காட்டுகிறான். அப்பொறுமையில் குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது. டேவிஸோ நண்பனின் மனக்குறையை உணர்ந்து வெட்கப்படுகிறான். தன் ஏழைப் படகைப் பற்றி மன்னிப்புக் கேட்கும் குரலில் பேசுகிறான். விடிந்ததும் ஃபியோர்டின் நீர் பளிங்குபோல் கிடக்கிறது. கரதர்ஸ் அதில் குதித்து நீந்தி எழுகிறான். அதன்பின் உருளைக்கிழங்கின் தோலை உரிக்கிறான், பாத்திரம் துலக்குகிறான், பாய்க்கயிற்றைப் பிடிக்கக் கற்கிறான். தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கத் தொடங்குகிறான். அந்தச் சிரிப்பு வந்த இடத்தில்தான் அவனுடைய உண்மையான விடுமுறை தொடங்குகிறது.

குளிர் இங்கே வெறும் பின்னணியன்று. அதற்கு ஒரு வேலை இருக்கிறது. கோடையில் இப்படகுப் பயணம் நடந்திருந்தால் இருவரும் மேல்தளத்தின் இரு மூலைகளில் இருந்துகொண்டே காலம் கழித்திருக்கலாம். குளிர் அவர்களை ஓர் அடுப்பின் முன்னால், ஒரு விளக்கின் கீழ் உட்கார வைக்கிறது. இருவருக்கும் இடையே உள்ள தூரம் ஒரு மேசையின் அகலமே. அங்கே ஒருவன் முணுமுணுத்தால் மற்றவனுக்குக் கேட்கும்; ஒருவன் வருந்தினால் மற்றவனுக்குத் தெரியும். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கோபத்தை வளர்க்கலாம். படகில் சாத்துவதற்குக் கதவு இல்லை. ஆகவே பொறுத்துக்கொள்ளக் கற்பதைத் தவிர வேறு வழியில்லை. பெரிய குடும்பங்கள் சிறிய வீடுகளில் வாழ்ந்த காலத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாடம் புதிதாக இராது.

வற்றும் கடல்

கதையின் களம் பின்னர் மாறுகிறது. 1895இல் திறக்கப்பட்ட கீல் கால்வாய் வழியாக ஒரு சரக்குப் படகின் பின்னே இழுக்கப்பட்டு, இருவரும் பால்டிக் கடலிலிருந்து வடகடலுக்கு வருகின்றனர். அங்கே ஜெர்மனியின் கரையை ஒட்டி ஃபிரிசியத் தீவுகள் சங்கிலிபோல் கிடக்கின்றன: போர்க்கும், யூயிஸ்ட், நார்டெர்னி, பால்ட்ரும், லாங்கெயோக், ஸ்பீக்கெரோக், வாங்கெரோக. இக்கரையின் மேற்குக் கோடியில் இருப்பது எம்டன் நகரம். 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவில் சென்னைத் துறைமுகத்தைக் குண்டுகளால் தாக்கிய போர்க்கப்பல் இந்நகரின் பெயரையே தாங்கியது. "அவன் சரியான எம்டன்" என்று நம் முன்னோர் சொல்லிவந்த சொல் அங்கிருந்து வந்ததுதான்.

தீவுகளுக்கும் நிலத்துக்கும் இடைப்பட்ட கடல் விந்தையானது. நாளொன்றுக்கு இருமுறை நீர் ஏறுகிறது, இருமுறை வற்றுகிறது. வற்றும்போது கண்ணுக்கெட்டிய தூரம் மணலும் சேறும்தான். நடுவே பாம்புகள்போல் நெளியும் கால்வாய்களில் மட்டும் நீர் நிற்கும். அக்கால்வாய்களின் ஓரத்தில் மரக்கிளைகளை நட்டு வழி காட்டியிருப்பார்கள். ஒவ்வொரு தீவின் பின்னாலும் கால்வாய்கள் மேடேறி மறையும் இடம் ஒன்று உண்டு. நீர் உச்சத்தில் இருக்கும் சிறுபொழுதில்தான் அதனைக் கடக்கலாம். தவறினால் அடுத்த ஏற்றம்வரை மணலிலேயே கிடக்க வேண்டும். பெருங்கப்பல் அங்கே தரைதட்டினால் அழிவு. அடிதட்டையான டல்சிபெல்லாவோ நடுப்பலகையை உயர்த்திக்கொண்டு மணல்மீது நேராக அமர்ந்துகொள்ளும். நீர் திரும்பும்வரை இருவரும் உள்ளே தேநீர் அருந்துவார்கள். மற்றவர்க்குக் கேடாகும் தரைதட்டல் இவர்களுக்கு ஓய்வாகிறது. தாழ்ந்த அடிப்பகுதி உடைய படகே அங்கே தப்பும் என்பதை ஆசிரியர் படகோட்டியின் மொழியில் சொல்கிறார். படிப்பவர் தம் மொழியில் கேட்டுக்கொள்ளலாம்.

யுனெஸ்கோ நிறுவனம் 2009இல் இக்கடற்பரப்பின் ஜெர்மானிய, டச்சுப் பகுதிகளை உலக மரபுச் செல்வமாக ஏற்றது. 2014இல் டென்மார்க்கின் பகுதியும் சேர்க்கப்பட்டது. சில்டர்ஸ் வருணித்த மணலும் ஓதமும் பறவைக் கூட்டமும் இன்றும் அங்கே உள்ளன.

இந்தக் களத்தில் அமைந்த ஓர் இயல் உலகப் புதினங்களின் சிறந்த பக்கங்களோடு வைத்து எண்ணத்தக்கது. நார்டெர்னியிலிருந்து மெமர்ட் என்னும் மணல்தீவுக்கு, கையைப் பிடித்தாலும் தெரியாத மூடுபனியில், சிறு துடுப்புத் தோணியில் இருவரும் செல்கின்றனர். நீர் வற்றிக்கொண்டிருக்கிறது. குறித்த நேரத்துக்குள் மேட்டைக் கடந்தாக வேண்டும். டேவிஸ் பின்பக்கம் அமர்ந்து திசைகாட்டியையும் கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டு, ஒரு கோலால் ஆழத்தைத் தொட்டுத் தொட்டு வழி சொல்கிறான். கரதர்ஸ் துடுப்பு வலிக்கிறான். எங்கே இருக்கிறோம், எவ்வளவு தொலைவு என்று கேட்கவும் அவனுக்கு நேரமில்லை.

துடுப்பு வலிப்பவன் போகும் திசையைப் பார்ப்பதில்லை. தனக்கு எதிரே அமர்ந்து வழி காட்டுபவனின் முகத்தைத்தான் பார்க்கிறான். பெட்டி நுழையாத வாசலில் மனம் கசந்து நின்ற அதே கரதர்ஸ், இப்போது தான் காணாத வழியில், தன்னைவிடக் கல்வியிலும் பதவியிலும் குறைந்தவன் என்று எண்ணிய ஒருவனின் சொல்லை நம்பி, உடல் நோக உழைக்கிறான். கடற்படையில் சேர முயன்று தேறாதவன் டேவிஸ். இலண்டன் விருந்துகளில் வாய் திறக்கத் தெரியாதவன். மூடுபனியில் அவனே அரசன். ஒருவனுடைய பெருமை எது என்பதை அவன் வாழும் இடம்தான் வெளிப்படுத்துகிறது. இருவரும் அந்தத் தீவைத் தவறாமல் சென்றடையும்போது நமக்கு உண்டாகும் மகிழ்ச்சி, ஒற்றறிந்த செய்தியால் வருவதன்று. ஒருவனை ஒருவன் முழுமையாக நம்பியதால் வருவது.

நூலின் தளர்ச்சி

இவ்வளவு சொன்னபின் குறைகளையும் சொல்வது திறனாய்வின் கடமை.

தம் நாட்டின் கிழக்குக் கடற்கரை காவலின்றிக் கிடக்கிறது என்று எச்சரிக்கவே சில்டர்ஸ் இந்நூலை எழுதினார். ஃபிரிசியக் கரையின் ஏழு சிற்றாறுகளிலிருந்து, படைவீரரை ஏற்றிய தட்டைத் தோணிகளை இழுவைப்படகுகள் இழுத்துச் சென்று இங்கிலாந்தில் இறக்கும் இரகசியத் திட்டம் ஒன்றை நண்பர்கள் கண்டுபிடிப்பதாகக் கதை முடிகிறது. இதற்காகப் பிற்பகுதியில் வரைபடங்களும் இரயில் நேரங்களும் ஓதக் கணக்குகளும் அடுக்கடுக்காக வருகின்றன. கடலை அறிந்தவர்க்கு இவை விருந்து. மற்றவர்க்கு வழிநடைக் களைப்பு. கிளாரா என்னும் பெண் பாத்திரம் உயிர் பெறவே இல்லை. அவள் வரும் இடங்களில் எழுத்தாளரின் பேனா தயங்குவது வெளிப்படையாகத் தெரிகிறது.

இவை கலைக் குறைகள். இவற்றினும் ஆழமான குறை ஒன்று உண்டு. அதைச் சொல்லுமுன் ஆசிரியரின் நேர்மையையும் சொல்ல வேண்டும். ஜெர்மானியரை அவர் அரக்கராகக் காட்டவில்லை. பீரங்கிப்படகின் தலைவன் ஃபான் புரூனிங் பண்பாளனாக, நகைச்சுவை உணர்வுள்ளவனாக வருகிறான். சரக்குப் படகோட்டி பார்ட்டெல்ஸ் அன்பே உருவானவன். மணலில் சிக்கி உடையவிருந்த டேவிஸின் படகை இழுத்துக் காத்தவன் அவன்தான். டேவிஸ் ஜெர்மனியின் முயற்சியை மனமாரப் பாராட்டுகிறான். கதையின் தீயவன் டால்மனோ ஆங்கிலேயன். முன்பு ஆங்கிலக் கடற்படையில் அதிகாரியாக இருந்து, நாட்டைக் காட்டிக்கொடுத்து, ஜெர்மானியப் பெயரில் வாழ்பவன். டேவிஸைப் புயலில் மணல்திட்டுகளுக்கு இட்டுச் சென்று கொல்லப் பார்த்தவனும் அவனே. வெறுப்பை அயலார்மேல் ஏற்றாமல் தம்மவர்மேலேயே வைத்த இந்த அமைப்பு, அக்காலத்துப் போர்முரசுக் கதைகளில் காண்பதற்கு அரியது.

இறுதியில் டால்மனும் அவன் மகள் கிளாராவும் டல்சிபெல்லாவில் ஏற்றப்படுகின்றனர். குளிர்ந்த கடல், சிறிய அறை, அதே மேசை, அதே விளக்கு. இருவரை நண்பராக்கிய அந்த அறைக்குள் இப்போது பகைவன் அமர்ந்திருக்கிறான். புதினம் முழுவதும் எதற்காகத் தன்னை ஆயத்தம் செய்து வந்ததோ அந்த நேரம் வந்துவிட்டது என்று நாம் நிமிர்ந்து உட்காருகிறோம். கொல்ல முயன்றவனும் கொல்லப்பட இருந்தவனும் ஒரே கூரையின் கீழ் இருக்கும்போது இந்தச் சிறு படகு என்ன செய்யும்?

ஒன்றும் செய்யவில்லை. பயணத்தின் நடுவில் டால்மன் கடலில் இறங்கி மறைந்துவிடுகிறான். சில வரிகளில் செய்தி முடிகிறது. தண்டனையா, மன்னிப்பா, மனமாற்றமா என்ற வினாவைத் தொடாமலேயே ஆசிரியர் அவனை நீரிடம் ஒப்படைத்துவிட்டார். மூடுபனியின் ஒவ்வொரு கோல் ஆழத்தையும் அளந்து சொன்னவர், ஒரு மனிதனின் ஆன்மாவின் ஆழத்தை அளக்கக் கோலை நீட்டவில்லை. "இது ஒற்றர் கதை, இதில் இவ்வளவு எதிர்பார்க்கலாமா?" என்று வாசகர் கேட்கலாம். எதிர்பார்க்கச் செய்தவர் ஆசிரியரே. பெரிய பெட்டியைக் கரையில் திறக்க வைத்தவர், ஒரு தன்னலக்காரனை உழைப்பாளியாக்கிக் காட்டியவர், மனிதன் மாற முடியும் என்று நம்மை நம்ப வைத்துவிட்டார். அந்த மாற்றத்தின் வாயில் நண்பனுக்கு மட்டும் திறந்து, பகைவனுக்கு அடைத்துக்கொண்டதே இந்நூலின் பெருங்குறை.

நூல் வெளிவந்தபின் நடந்தவையும் நினைக்கத்தக்கவை. மக்கள் இதனை விடுமுறைக் கதையாகப் படிக்கவில்லை, எச்சரிக்கையாகப் படித்தனர். 1910இல் ஆங்கிலப் படை அதிகாரிகள் இருவர் இதே கரையை வேவு பார்த்ததற்காக ஜெர்மனியில் கைதாகிச் சிறைசென்றனர். படகுப் பயணத்தின் இன்பத்தை எழுதிய நூல், அச்சத்தின் பாடநூலாகவும் பயன்பட்டது.

எழுதாத இயல்

சில்டர்ஸ் அதன்பின் வேறு புதினம் எழுதவில்லை. ஆனால் எழுதாமல் விட்ட இயலை அவருடைய வாழ்க்கை எழுதியது.

1905இல் நார்வேயில் கட்டப்பட்ட 'ஆஸ்கார்டு' என்னும் பாய்ப்படகு, அவருடைய மனைவியின் பெற்றோர் அளித்த திருமணப் பரிசு. அயர்லாந்தின் தன்னாட்சியில் பற்றுக்கொண்ட சில்டர்ஸ், 1914 ஜூலை 26ஆம் நாள் அப்படகில் 900 துப்பாக்கிகளை டப்ளினுக்கு அருகிலுள்ள ஹௌத் துறைமுகத்தில் கொண்டு சேர்த்தார். அவை ஜெர்மனியிலிருந்து வாங்கியவை. படகின் உள்ளறை முழுவதும் துப்பாக்கிகள். அவற்றின் மீதே படுக்கையை விரித்துப் பயணிகள் உறங்கினர். ஒருவனுடைய உடுப்புப் பெட்டி நுழையாத வாசலைப் படைத்தவரின் படகில் 900 துப்பாக்கிகளுக்கு இடம் கிடைத்தது! இந்த முரணை எந்தக் கதாசிரியரும் துணிந்து கற்பனை செய்யமாட்டார்.

சில நாள்களில் முதல் உலகப்போர் மூண்டது. சில்டர்ஸ் ஆங்கிலக் கடற்படையில் சேர்ந்தார். 1914ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள், கிறிஸ்து பிறப்பு விழாவன்று காலையில், ஏழு கடல்விமானங்கள் ஜெர்மனியின் குக்ஸ்ஹாஃபன் பகுதியிலுள்ள வான்கப்பல் கொட்டகைகளைத் தாக்கப் புறப்பட்டன. அவற்றுள் ஒன்றில் வழிகாட்டியாகச் சென்றவர் சில்டர்ஸ். மூடுபனியால் நோக்கம் நிறைவேறவில்லை. திரும்பும் வழி நார்டெர்னித் தீவை நோக்கியது. நண்பர்கள் இருவரும் தேநீர் அருந்திக்கொண்டு அமர்ந்திருந்த அதே மணல்மேடுகளை அவர் வானிலிருந்து, குண்டுகளோடு சென்ற விமானத்தில் இருந்து பார்த்தார். ஒரு குளிர்காலப் பயணத்தில் கற்ற வழிகளை மற்றொரு குளிர்காலம் எதற்குப் பயன்படுத்தியது என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

போருக்குப்பின் அவர் அயர்லாந்தின் விடுதலைக்கு முழுமையாகத் தம்மை அளித்தார். 1921இல் ஆங்கிலேயருடன் உடன்படிக்கை பேசச் சென்ற குழுவின் செயலராக இருந்தார். அந்த உடன்படிக்கையையே பின்னர் எதிர்த்தார். உள்நாட்டுப் போர் மூண்டது. நேற்றுவரை ஒன்றாய் இருந்தவர்கள் இரு கட்சியாயினர். 1922 நவம்பர் 10ஆம் நாள், தாம் வளர்ந்த வீட்டில், கைத்துப்பாக்கி ஒன்று வைத்திருந்ததற்காகக் கைதானார். நவம்பர் 24ஆம் நாள் டப்ளினில் அயர்லாந்தின் புதிய அரசே அவரைச் சுட்டுக் கொன்றது. சுடுவதற்கு முன் அவர் படைவீரர் ஒவ்வொருவரோடும் கைகுலுக்கினார்.

இறப்பதற்கு முன் பதினாறு வயது மகனிடம் ஒரு வாக்குறுதி பெற்றிருந்தார். தம் மரண தண்டனைக்குக் காரணமானவர் ஒவ்வொருவரையும் தேடிச்சென்று கைகுலுக்க வேண்டும் என்பதே அது. அந்த மகன் எர்ஸ்கின் ஹாமில்டன் சில்டர்ஸ், தந்தையைக் கொன்ற நாட்டின் குடியரசுத் தலைவராக 1973இல் தேர்வு பெற்றார். 1974இல் பதவியில் இருக்கும்போதே மறைந்தார். பழிவாங்கும் நினைவைப் பெட்டியில் அடுக்கி மகனிடம் ஒப்படைத்திருந்தால் அவன் வாழ்நாள் முழுவதும் எந்த வாசலிலும் நுழைந்திருக்க மாட்டான்.

எனவேதான் இந்நூலை மீண்டும் படிக்கும்போது நான் டால்மன் மறையும் பக்கத்தில் சிறிது நேரம் நிறுத்திவிடுகிறேன். புதினத்தில் பகைவனை என்ன செய்வதென்று அறியாமல் கடலிடம் விட்டுவிட்ட அதே மனிதர், இருபது ஆண்டுகள் கழித்துத் தம்மைக் கொல்ல நின்றவர்களின் கைகளைப் பற்றினார். அவருடைய அரசியல் முடிவுகளை நாம் ஏற்கலாம், மறுக்கலாம். படகறையின் இறுக்கத்தில் தொடங்கிய அந்தக் கல்வி, அவர் வாழ்வின் கடைசிக் காலைவேளையில்தான் நிறைவுற்றது என்று கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

ஆஸ்கார்டு படகு இன்று டப்ளினில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. டல்சிபெல்லாவோ நூலின் பக்கங்களில் மட்டுமே மிதக்கிறது. ஆங்கிலம் அறிந்த வாசகர்கள் அதைத் தேடிப் படிக்க வேண்டும். ஒற்றறியும் பகுதிகள் அலுப்பூட்டினால் விரைந்து கடந்துவிடலாம். முதல் பத்து இயல்களையும் மூடுபனி இயலையும் மட்டும் விட்டுவிடக் கூடாது.

அடுத்த முறை விடுமுறைக்குப் பெட்டி அடுக்கும்போது, அதன் எடையை ஒருமுறை தூக்கிப் பார்ப்போம். உள்ளே உடுப்புகள் எவ்வளவு, பழைய மனக்கசப்புகள் எவ்வளவு என்று நமக்கே தெரியும். அவற்றைக் கரையிலேயே திறந்து பார்க்கும் துணிவு இருந்தால், நாம் போகும் இடம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அங்கே இன்னொருவருக்கும் இடம் இருக்கும்.